கோட்டையைக் கட்டிய எங்கள் மாமா

கோட்டை கட்டியவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் கல்லை வெட்டி, இழுத்து, தூக்கி, அடுக்கி, முதுகு ஒடிந்து, தங்கள் பெயரைக்கூட ஒரு மூலையில் எழுதி வைக்காமல் செத்துப் போனவர்கள். அவர்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. இரண்டாம் வகையினரை நமக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள், விருந்தில் நமக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள், ஒரு கல்லைக்கூடத் தொடாமல், கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் அத்தனை பெரிய கோட்டையையும் கட்டி முடித்துவிட்டு, நம் பக்கம் சாய்ந்து, "இது நம்மாளுங்க கட்டினது, தெரியுமா?" என்பார்கள். இந்த இனத்துக்கு நான் 'நம்மாளுக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நம்மாளுக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பழைய சுவர் எதைப் பார்த்தாலும், பானை வாங்க வந்தவரைப் போல விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுத் தலையாட்டுவார். சுவர் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டது என்று அர்த்தம். "வெளிய சொல்லாதீங்க" என்று ஆரம்பித்துத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அவருடைய போனில் ஒரு புகைப்படம் இருக்கும். அதில் பாதியை, படம் எடுத்தவரின் கட்டைவிரல் மறைத்திருக்கும். மீதிப் பாதிதான் ஆதாரம். "நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார்.

அவரோடு வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். கோட்டையில் வேறு யாருடைய பெயராவது செதுக்கியிருக்கிறது என்றால், அது பின்னால் வந்தவன் செதுக்கியது. எந்தப் பெயரும் இல்லை என்றால், நம்மாளுங்க பெயர் இருந்தது, அழித்துவிட்டார்கள். அழித்த தடம் எதுவும் இல்லையே என்றால், பார்த்தீர்களா, எவ்வளவு சாமர்த்தியமாக அழித்திருக்கிறார்கள்! இப்படி உள்ளே போகப் பல கதவு இருந்தும் வெளியே வர ஒரு கதவும் இல்லாத கட்டடம் ஒன்று உண்டென்றால், அது கோட்டை இல்லை. நம்மாளுக்காரருடைய மூளைதான்.

இவர்கள் எந்தத் தொழிலில் அதிகம் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்பவர் எழுந்து ஓட முடியாத தொழில்களில்தான் அதிகம். எங்கள் மாமா லிஃப்ட் மெக்கானிக்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நல்ல வேலைக்காரர். அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் முதலில் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் உடனே போவார். போய், கதவின் இந்தப் பக்கம் நின்று, பழுது என்னவென்று நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் தைரியம் சொல்லத் தொடங்குவார்.

"பயப்படாதீங்கம்மா. இந்தக் காலத்து லிஃப்ட் இது, நிக்கத்தான் செய்யும். நம்ம ஊர்க் கோட்டை இருக்கே, அதுல அவ்வளவு பெரிய கல்லை அவ்வளவு உசரத்துக்கு ஏத்தினாங்களே, ஒரு தடவையாவது பாதில நின்னிருக்குமா? ஏன்னு கேளுங்க."

"கோட்டையை யார் வேணா கட்டிட்டுப் போகட்டும்பா," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கெஞ்சும். "நீ கதவைத் திற."

"திறக்கறேம்மா. ஏன் நிக்கலன்னு மட்டும் கேளுங்க."

உள்ளே இருப்பவர் "ஏன்?" என்று கேட்கும்வரை கதவு திறக்காது. கேட்டால்? பாரம் தூக்குவது எங்கள் குடும்பத் தொழில், தாத்தாவின் தாத்தாவுக்கும் முன்னாலிருந்து கப்பியும் கயிறும்தான் எங்கள் சொத்து, ஆகையால் கோட்டையைக் கட்டியது நாங்கள்தான், ராஜா வந்து மேலே கொடி மட்டும் ஏற்றிக்கொண்டான் என்பது வரை கேட்க வேண்டும். அத்தை மட்டும்தான் இதற்கு மசியாதவர். "உங்க பரம்பரைதான் கட்டிச்சுன்னே இருக்கட்டும். நம்ம சமையலறையில மழை பேஞ்சா ஒழுகுதே, அதை எந்தப் பரம்பரை வந்து அடைக்கும்?" என்பார்.

இவ்வளவு பேசும் மாமா கோட்டைக்குள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. இதுவும் இந்த இனத்தின் குணம்தான். உள்ளே போனால் குழப்பம் வந்துவிடும் அல்லவா?

அப்படிப்பட்டவரைக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாள் ஒன்று வந்தது. என் அக்காவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அக்கா அந்தக் கோட்டையில் பயிற்சி வழிகாட்டி. இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, வாயருகே மைக், கையில் ஒரு சிறிய கொடி. வழிகாட்டிகள் பார்வையாளர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும், படிக்கட்டிலும் அப்படித்தான். அதற்காக அக்கா வீட்டில் பின்னோக்கியே நடந்து பழகினாள். குளிர்சாதனப் பெட்டியின்மேல் மோதினாள், அம்மாமேல் மோதினாள், ஒருநாள் குழம்புச் சட்டியில் கை வைத்தாள். அதற்கு முன் அவள் துணிக்கடையில் இருந்தாள். வருகிறவர்கள் பிரித்துப் போட்டதை மடிப்பது, மடித்ததை அவர்கள் பிரிப்பதைப் பார்ப்பது, திரும்ப மடிப்பது. வேலை நிரந்தரமாகாவிட்டால் அந்த மடிப்புக்கே திரும்ப வேண்டும்.

நிரந்தரமாவதற்கு ஒரு சோதனை உண்டு. மேற்பார்வையாளர் ஒருவர் பார்வையாளர் குழுவின் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வருவார். கோட்டையை யார் கட்டினார்கள் என்ற கேள்வியில் வழிகாட்டி எந்தப் பக்கமும் சாயக் கூடாது. குழுவில் சண்டை வரக் கூடாது. யாரையும் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் வேலை கிடையாது. கேள்வி வந்தால் சொல்வதற்கென்று அலுவலகமே ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறது. "இந்தக் கோட்டையை யார் கட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இப்போது உங்கள் வலது பக்கம் பாருங்கள்."

எங்கே நின்றாலும் வலது பக்கம்தான். முன்பு ஒரு பயிற்சி வழிகாட்டி பதற்றத்தில் கழிப்பறைக்கு இடப்புறம் நின்றுகொண்டு இதைச் சொல்லிவிட, குழு மொத்தமும் கழிப்பறையைப் பயபக்தியோடு பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டது. அவர் தேறிவிட்டார். இன்னொருவர், பாவம், நச்சரிப்புத் தாங்காமல் "ராஜாதான் கட்டினாரு, போதுமா?" என்றார். குழு இரண்டாகப் பிளந்து, ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து, பதில் சொன்னவருடைய வேலையும் போயிற்று.

அக்காவின் சோதனை நாளன்று காலையிலிருந்து தூறல். பார்வையாளர்கள் வரவில்லை. வீட்டுக்குப் போன் வந்தது.

"அம்மா, எல்லாரும் உடனே கிளம்பி வாங்க. ஆள் சேரலன்னா இன்னிக்கு டெஸ்ட் கிடையாது. அடுத்த டெஸ்ட் வரைக்கும் என்னை வெச்சிருக்க மாட்டாங்க."

அம்மாவும் நானும் செருப்பை மாட்டினோம். மாமா எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தலை எண்ணிக்கையில் அவரும் ஒரு தலை.

"அண்ணா, நீங்களும் வாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எதுக்குத் திறக்கறேன்? பாப்பாவோட பிழைப்பு ஆச்சே," என்றார் மாமா. மனதாரச் சொன்னார். நம்மாளுக்காரர்கள் பொய் சொல்வதில்லை. அதுதான் அவர்களிடம் இருக்கும் ஆபத்தே.

குழு ஒருவழியாகச் சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு குடும்பம், தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர், நாங்கள். பின்னால் குடையோடு மேற்பார்வையாளர்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்று பார்த்திருக்க வேண்டும்! மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பது போல வந்தார். அக்கா "அரசர்" என்றபோது ஒரு இருமல். "அரசவை" என்றபோது இரண்டு இருமல். அம்மா அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்து வாயை அடைத்தாள். நுழைவாயில், மண்டபம், குதிரை லாயம் எல்லாம் தாண்டிக் கிழக்குச் சுவர்வரை வந்துவிட்டோம். அங்கேதான் மாமா நின்றார். சுவரின் ஒரு வரிசையில் கல்லுக்குக் கல் ஒரு அடையாளம்: ஒரு வட்டம், அதன் கீழே இரண்டு கோடு. மாமாவின் போனில், யாரோ எடுத்து அனுப்பிய படத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே அடையாளம்! அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் பேசவில்லை. மிட்டாயைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பேசியது தொப்பிக்காரர்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வட்டமும் ரெண்டு கோடும் என்னன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களா?"

"இந்தக் கோட்டையை யார் கட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இப்போது உங்கள் வலது பக்கம்..."

"நான் வலது பக்கம் பாக்க வரலம்மா. இது கப்பல் ஓட்டற சக்கரம். கீழ ரெண்டு துடுப்பு. கடல் கடந்து வியாபாரம் பண்ணின எங்கம்மா வழி ஆளுங்க கட்டின கிடங்கு இது. ராஜா வெறும் வாடகைக்கு இருந்தவன்."

மிட்டாய் கீழே விழுந்தது.

"சக்கரமா?" என்றார் மாமா. "சார், அது கப்பி. ரெண்டு பக்கமும் தொங்கறது கயிறு. கப்பியோடவே குடும்பம் நடத்தறவன் சொல்றேன்."

"நீங்க யாரு?"

"கோட்டையைக் கட்டின குடும்பம். நீங்க?"

"பல் டாக்டர்."

நான் சொன்னேன் அல்லவா, எழுந்து ஓட முடியாத தொழில் என்று? வாயைத் திறந்தபடி கிடப்பவர் "ஆ" என்றால் அதுவே சம்மதம்.

"அதானே பாத்தேன்," என்றார் மாமா. "இல்லாத இடத்துல வேரைத் தோண்டறீங்க."

"நீங்க என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அதான் கதை பாதில நிக்குது."

"யாரு கதைய்யா நிக்குது?"

அக்கா கொடியை உயர்த்தினாள். "எல்லாரும் வலது பக்கம் பாருங்க!" என்றாள். ஜோடி பார்த்தது. குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது. அவர்கள் இருவர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நெஞ்சோடு நெஞ்சு இடிக்காத குறையாக நின்றார்கள். பின்னால் குடை மடங்கும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் கிட்டத்தில் வந்தார்.

அக்கா மைக்கை அணைத்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள்; தயங்கினாள்; பிறகு சொல்லிவிட்டாள்.

"மாமா, டாக்டர் சார், ரெண்டு பேரும் கேளுங்க. இந்தச் சுவர் நான் ஸ்கூல்ல படிக்கும்போது மழையில சரிஞ்சது. கல்லையெல்லாம் பிரிச்சு எடுத்து, அதே இடத்துல திரும்ப அடுக்கணும் இல்லையா? அதுக்காகப் பழுது பாத்தவங்க போட்ட குறி இது. வட்டம்னா கிழக்குச் சுவர். ரெண்டு கோடுன்னா ரெண்டாவது வரிசை. மேல் வரிசையைப் பாருங்க, மூணு கோடு இருக்கும்."

எல்லோரும் மேலே பார்த்தோம். மூன்று கோடு இருந்தது. கீழ் வரிசையில் ஒரு கோடு இருந்தது.

உங்களையும் என்னையும் போன்றவர்களாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, வலது பக்கம் பார்த்துக்கொண்டு நடந்திருப்போம். நம்மாளுக்காரருக்கோ கதையே இங்கேதான் தொடங்குகிறது.

"யாரு போடச் சொன்னது?" என்றார் மாமா மெதுவாக.

"அதானே!" என்றார் பல் டாக்டர்.

"அடியில என்ன இருந்துச்சோ. அதை மறைக்கத்தான் மேல இந்தக் கோடெல்லாம் போட்டிருக்காங்க."

"ரொம்பச் சரியா சொன்னீங்க. நான்கூட யோசிக்கல பாருங்க."

"இல்ல டாக்டர், நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதான்."

கை குலுக்கிக்கொண்டார்கள்! கொஞ்ச நேரம் முன்பு அடித்துக்கொள்ளப் போனவர்கள், இப்போது தோளோடு தோள் நின்று அலுவலகத்தைத் தேடினார்கள். அலுவலகம் பக்கத்திலேயே, மடித்த குடையோடு நின்றது.

"நீங்கதானே ஆபீஸ்? சொல்லுங்க சார். எதை அழிச்சீங்க?"

மேற்பார்வையாளர் தன் பணிக்காலம் முழுவதும் இந்த விஷயத்தில் ஒரு கருத்தும் சொன்னதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். சொல்லாமல் வைத்திருந்த அத்தனையும் அவருடைய கழுத்து நரம்பில் ஏறியதை நான் பார்த்தேன்.

"நிறுத்துங்கய்யா! கப்பியாம், கப்பலாம்! இது கோட்டையே இல்ல. அணை! தண்ணியைத் தேக்க எங்க ஊர்க்காரங்க கட்டின அணை. தண்ணி வத்தினதும் ராஜா உள்ள வந்து குடியேறிட்டான். அவ்வளவுதான்!"

"அணையா?" என்றார்கள் இருவரும்.

"அணைதான். இப்படி வாங்க, காட்டறேன்."

குடை நுனியால் சுவரில் வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்டத் தொடங்கினார். அக்கா ஒரு கணம் நின்றாள். தூறல் வலுத்தது, குழந்தை சிணுங்கியது. அவள் கொடியை உயர்த்தி, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே மேல்தளம், ஆயுத அறை, சுரங்கப் படிக்கட்டு என்று ஒன்று விடாமல் காட்டி முடித்தாள். ஜோடி கைதட்டியது. நாங்கள் கிழக்குச் சுவருக்குத் திரும்பியபோது மூவரும் தொப்பலாக நனைந்து அங்கேயேதான் நின்றார்கள்.

அக்காவைக் கண்டதும் மேற்பார்வையாளருக்குத் தான் யார் என்பது நினைவுக்கு வந்தது. முகம் மறுபடியும் அலுவலகமாயிற்று.

"என்னம்மா, ஆளுங்களைப் பாதியில விட்டுட்டுப் போயிட்ட? சண்டை வேற. நான் எப்படி உன்னைத் தேறினதா சொல்றது?"

அக்காவின் கையில் கொடி தாழ்ந்தது. துணிக்கடைக்குத் திரும்பிப் போய்விட்டவள் போல நின்றாள்.

அப்போதுதான் எங்கள் மாமா, இந்த இனத்தில் எவரும் செய்திராத காரியத்தைச் செய்தார். நனைந்த சட்டையோடு முன்னால் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சார், தப்பு பூரா என்னோடது. பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்க. வேணும்னா..." சட்டை நுனியைப் பிழிந்தார். "வேணும்னா, கோட்டையை ராஜாவே கட்டினாருன்னு வெச்சுக்கறேன்."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் ஒரு சொத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை.

"ராஜாவா?" என்று சீறினார். "ராஜா கட்டினதுக்கு என்னய்யா ஆதாரம்?"

அக்கா நிமிர்ந்தாள். "சார், அணைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எதிர்த்துக் கேக்கல சார். எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். குடையைச் சுவர்ப் பக்கம் தூக்கினார். இறக்கினார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"எங்கப்பா சொன்னாரு," என்றார்.

"எனக்கும் எங்கப்பாதான்," என்றார் மாமா. "தோள்ல உக்கார வெச்சு, தூரத்துலேந்து காட்டுவாரு."

பல் டாக்டர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "எங்கம்மா," என்றார்.

மூன்று பெரிய மனிதர்களும் மழையில் நனைந்தபடி நின்றார்கள். எனக்கே அவர்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. எச்சில் விழுங்கும் நேரம்தான். அதற்குள் மாமா, "ஆனா எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு," என்றார். மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அவரவருக்கு அவரவர் வீட்டைப் பற்றித்தான்.

மேற்பார்வையாளர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ யார் பக்கமும் பேசல. அது போதும். அடுத்த வாரம் வந்து யூனிஃபார்ம் வாங்கிக்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அணை விஷயம் ஆபீசுக்குள்ள வேண்டாம்," என்றார்.

அக்காவின் வேலை நிரந்தரமாயிற்று. கூடவே அணையும் நிரந்தரமாயிற்று. தினமும் தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் அக்காவைத் தேடி வந்து, விட்ட இடத்திலிருந்து தண்ணீரைத் தேக்குகிறார்.

மாமாவிடம் கேட்டேன்: "ராஜா கட்டினதுன்னு ஒத்துக்கிட்டீங்களே மாமா?"

"பாப்பாவுக்காக ஒருநாள் இரவல் குடுத்தேன்டா," என்றார். "திருப்பி வாங்கியாச்சு."

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம். உங்களிடம் கோட்டை இல்லாமல் இருக்கலாம், ஒரு பாலமோ, ஒரு குளமோ, ஒரு விளையாட்டோ, உலகம் முழுவதும் சமைக்கிற ஏதோ ஒரு பண்டமோ, "அதை முதல்ல செஞ்சது யாருங்கறீங்க?" என்று நீங்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து சொல்வதற்கென்று ஒன்று கட்டாயம் இருக்கும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'அணைன்னு சொல்றதுலயும் விஷயம் இருக்கும் போலிருக்கே' என்று ஓரிடத்தில் நின்றீர்களா? அல்லது, 'அதெல்லாம் கிடக்கட்டும், கடைசியில யாருதான் கட்டினாங்க?' என்று இப்போது என்னைக் கேட்கப் போகிறீர்களா?

தாராளமாகக் கேளுங்கள். அக்காவும் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

நீங்கள் நிற்பீர்களா?